புள்ளியைக் காணோம்: சிவகாசி காலண்டர் முதல் ஃப்ரன்ட்-எண்ட் வரை

(எபிசோடின் ஒலிவடிவத்திலிருந்து தொகுத்தது. தொகுப்பாளரின் கேள்விகளை நீக்கியிருக்கிறோம். பேச்சுநடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

என்னை இந்த எபிசோடுக்குக் கூப்பிட்டப்போ, "உங்க கரியர் ஜர்னியைப் பத்திப் பேசுங்க"ன்னு சொன்னாங்க. ஜர்னின்னா ஏதோ டிக்கெட் எடுத்து, ஜன்னல் சீட்ல உக்காந்து, நேரா போய் இறங்கின மாதிரி இருக்கு. நான் வந்தது டவுன் பஸ். நடுவுல இறங்கி, மாறி ஏறி, ஒரு தடவை தப்பான பஸ்லயும் ஏறி வந்தது. அந்த வரிசையிலயே சொல்லிடறேன்.

இப்போ நான் ஃப்ரன்ட்-எண்ட் டெவலப்பர். ஊர்ல சித்தி கேட்டாங்க, "அப்படின்னா என்னடி வேலை?"ன்னு. கல்யாணப் பந்தியை வெச்சுத்தான் விளக்கினேன். பின்னாடி கோட்டையடுப்புல சாம்பார் கொதிக்குதுல்ல, அது பேக்-எண்ட். இலையில வந்து விழறது ஃப்ரன்ட்-எண்ட். இலையோட நுனி சாப்பிடறவங்களுக்கு இடது பக்கம் இருக்கணும், உப்பு எங்க, பாயசம் எப்போ, தண்ணி டம்ளர் கைக்கு எட்டுதா, வயசானவங்களுக்கு டேபிள் போட்டாச்சா, இதெல்லாம் என் வேலை. சாம்பார் எவ்வளவு நல்லா இருந்தாலும் இலை ஓட்டையா இருந்தா விருந்தாளி கோவிச்சுக்கிட்டுப் போயிடுவாரு. சித்திக்குப் புரிஞ்சிருச்சு. "அப்போ நீ பரிமாறறவ"ன்னாங்க. ஆமா, அவ்வளவுதான்.

365 தாள், 7 டம்மி

2006-ல பி.எஸ்ஸி. கணக்கு முடிச்சேன். மேல படிக்கணும்னு ஆசை. அப்பாவுக்கு அந்த வருஷம் உடம்பு முடியாமப் போச்சு. எங்க ஊர் சாத்தூர் பக்கம், அங்கேருந்து பஸ் ஏறினா சிவகாசி. அங்க ஒரு ஆஃப்செட் பிரஸ்ல டி.டி.பி. ஆபரேட்டரா சேர்ந்தேன்.

சிவகாசின்னா உங்கள்ல நிறைய பேருக்குப் பட்டாசுதான் ஞாபகம் வரும். அங்க அச்சுத்தொழிலும் அதே அளவுக்குப் பெருசு. ஆடிப்பெருக்கு அன்னைக்குப் புது வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவாங்க. அன்னைக்கு ஆர்டர் எடுக்க ஆரம்பிச்சா மார்கழி வரைக்கும் பிரஸ்ல யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. என் வேலை தினசரி காலண்டர். உங்க வீட்டுல தாத்தா காலையில கிழிப்பாருல்ல, அந்தத் தாள்.

அந்தத் தாளை ஒரு தடவை நிதானமாப் பாருங்க. உள்ளங்கை அளவு இடம். அதுக்குள்ள ஆங்கிலத் தேதி பெருசா, தமிழ்த் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம், விசேஷ நாளா இருந்தா அதுவும். கண்ணு தெரியாத பாட்டிக்கும் ராகு காலம் எங்க இருக்குன்னு தெரியும், ஏன்னா அது வருஷா வருஷம் அதே மூலையில இருக்கும். இப்போ பெரிய பெரிய கம்பெனிகள்ல "டிசைன் சிஸ்டம்"னு ஒரு டீமே வெச்சுப் பண்றாங்க. சிவகாசியில அதை ஒரு மேஜையில பண்ணினோம்.

முதல் வருஷம் நான் ஒவ்வொரு தாளையும் பேஜ்மேக்கர்ல தனித்தனியா அடிச்சேன். எங்க ஃபோர்மேன் அண்ணாச்சி பின்னாடி நின்னு பார்த்தாரு. "ஏம்மா, திங்கக்கிழமை ராகு காலம் ஏழரையிலேருந்து ஒன்பது. அது என்னைக்காவது மாறுமா?" "மாறாது அண்ணாச்சி." "அப்புறம் ஏன் 52 வாட்டி அடிக்கறே? கிழமைக்கு ஒண்ணா ஏழு டம்மி போட்டுக்க. மாறறதை மட்டும் அடி."

ரியாக்ட் 2013-ல வெளியாச்சு. நான் அதைக் கத்துக்கிட்டது அதுக்கும் சில வருஷம் கழிச்சு. காம்பொனென்ட், ப்ராப்ஸ்னு சொல்லிக் குடுத்தாங்க. காம்பொனென்ட்னா மாறாத அச்சு, ப்ராப்ஸ்னா வெளியிலேருந்து உள்ள வர்ற, மாறுற தகவல். எனக்கு உடனே அண்ணாச்சி குரல்தான் கேட்டுச்சு. அதோட ஆபத்தும் அவரு சொன்னதுதான்: டம்மியில ஒரு தப்பு விட்டா 52 தாள்ல தப்பு. ஒரு வருஷம் செவ்வாய்க்கிழமை டம்மியில எமகண்டத்தைத் தப்பா விட்டேன். புரூஃப்ல மாட்டிக்கிச்சு, நல்ல வேளை.

இன்னொரு விஷயமும் அங்கதான் பழகினேன். அந்தக் காலத்து டி.டி.பி. எல்லாம் பாமினி மாதிரி எழுத்துருவுல ஓடுச்சு. திரையில 'அம்மா'ன்னு தெரியும். ஆனா ஃபைலுக்குள்ள இருக்கறது தமிழே இல்ல. எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச்ன்னு ஆங்கிலக் குறிகள்தான் வரிசையா இருக்கும். எழுத்துருங்கறது அந்த ஆங்கில எழுத்துக்கு மேல போட்ட தமிழ் முகமூடி. ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா முகமூடி கழண்டுடும். கஸ்டமர் ஃபோன் பண்ணி, "என்னம்மா ஃபைல் பூரா கிறுக்கியிருக்கு"ம்பாரு. கண்ணுக்குத் தெரியற எழுத்து வேற, உள்ள இருக்கற எழுத்து வேற. இந்த ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி வருது.

சென்னை, டேக், நைட் ஷிஃப்ட்

2009-ல சென்னை வந்தேன். வெளிநாட்டு ஆராய்ச்சி இதழ்களை டைப்செட் பண்ணிக் குடுக்கற கம்பெனிங்க இங்க நிறைய உண்டு. அதுல ஒண்ணுல நைட் ஷிஃப்ட். வர்ற கட்டுரைக்கெல்லாம் எக்ஸ்.எம்.எல். டேக் போடணும். இது தலைப்பு, இது ஆசிரியர் பேரு, இது அட்டவணை, இது ஒரு பூச்சியோட அறிவியல் பேரு அதனால சாய்வெழுத்து. நாலு வருஷம் இதே வேலை. சலிப்புதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு கண்ணோட்டம் வந்துச்சு: ஒரு வரி தடிமனா இருக்குங்கறதுக்காக அது தலைப்பாகிடாது. தலைப்பா இருக்கறதாலதான் தடிமனாக்கறோம். ஹெச்.டி.எம்.எல்.-ல பாதி இந்த ஒரு வரிதான். ஸ்கிரீன் ரீடர் வெச்சு வெப்சைட்டைக் கேக்கற பார்வையற்றவங்களுக்குத் தடிமன் தெரியாது. தலைப்புன்னு டேக் போட்டிருந்தாத்தான் தெரியும். பக்கத்தோட மொழி தமிழ்னு குறிச்சு வெச்சாத்தான் தமிழ்க் குரல்ல வாசிக்கணும்னு அதுக்குப் புரியும். சின்ன வேலை, நிறைய பேர் பண்றதில்ல.

அப்போதான் ஒருத்தர் சிஎஸ்எஸ் ஜென் கார்டன்னு ஒரு தளத்தைக் காட்டினாரு. டேவ் ஷே 2003-ல ஆரம்பிச்சது. ஒரே ஹெச்.டி.எம்.எல். பக்கம், ஒரு எழுத்துகூட மாறாது. சிஎஸ்எஸ் கோப்பை மட்டும் மாத்தினா அதே பக்கம் ஒரு தடவை தோட்டம், ஒரு தடவை பழைய சினிமா போஸ்டர் மாதிரி. ஷிஃப்ட் முடிஞ்சு விடிகாலையில உக்காந்து ஒவ்வொண்ணாத் திறந்து பாத்தேன். உள்ள இருக்கறதைத் தொடாம உடுப்பை மட்டும் மாத்தறது! பேஜ்மேக்கர்ல இருந்து வந்தவளுக்கு அது மாயம். அங்கேருந்துதான் நான் வெப் பக்கம் திரும்பினேன்.

2013-ல ஒரு சின்ன ஏஜென்சி. ஃபோட்டோஷாப் டிசைனை வெட்டி வெட்டிப் பக்கமா மாத்தற வேலை. அந்த வருஷங்களைப் பத்தி நிறைய சொல்ல ஒண்ணுமில்ல. ஃப்ளோட் போட்டு மாரடிச்சோம், ஜேக்வெரி எழுதினோம், சம்பளம் பதினஞ்சாம் தேதி வந்துச்சு. ஒண்ணு மட்டும் சொல்லணும். பக்கத்து சீட்டுல ஒரு அண்ணன், ஃப்ளாஷ்ல அற்புதமா அனிமேஷன் பண்ணுவாரு. வருஷா வருஷம் அவருக்கு வேலை குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. 2020 கடைசியில ஃப்ளாஷையே மூடிட்டாங்க. பேஜ்மேக்கர் போனப்போ நானும் இதைப் பார்த்திருக்கேன். கருவி போயிடும். "அடுத்த அஞ்சு வருஷத்துக்கு எந்த ஃப்ரேம்வொர்க் கத்துக்கலாம்?"னு டிஎம் பண்றவங்களுக்கு நான் நேரா பதில் சொல்லாததுக்கு இதான் காரணம்.

சிஎஸ்எஸ் கிரிட் 2017 மார்ச்ல குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி எல்லாத்துலயும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வந்துச்சு. காலண்டர் தாள் கட்டின மாதிரியே கட்டம் போட்டு வேலை செய்ய முடிஞ்சுது. அந்த வாரம் முழுக்க நான் ரொம்ப சந்தோஷமா இருந்தேன்.

மீனாட்சிசுந்தரம

இப்போ நான் பெருமைப்படாத விஷயத்துக்கு வரேன்.

2018. அப்போ ஏஜென்சி மாறியிருந்தேன். ரெஸ்யூமேல சிவகாசி மூணு வருஷத்தைத் தூக்கிட்டு "ஃப்ரீலான்ஸ் டிசைன்"னு போட்டிருந்தேன். டி.டி.பி. ஆபரேட்டர்னா கீழ பாக்கறாங்கன்னு ஒரு கூச்சம். கூட வேலை பாத்த யாருக்கும் நான் பிரஸ்ல இருந்தது தெரியாது.

ஒரு கிளையன்ட். உறுப்பினர்களுக்கு மருத்துவ உதவி அட்டை குடுக்கறவங்க. ஆன்லைன்ல படிவம் நிரப்பினா, அட்டை அச்சாகி வீட்டுக்கு வரும். பேரு தமிழ்லயும் வரணும். தேவைப் பட்டியல்ல எழுதியிருந்தது: "தமிழ்ப் பெயர் 15 எழுத்துக்குள்." நான் அந்தப் பெட்டிக்கு மேக்ஸ்லெங்த் 15ன்னு போட்டேன். ஒரு வரி. டெஸ்ட் பண்ணினேன், என் பேரு சின்னது, சரியா வந்துச்சு. முடிஞ்சது.

ரெண்டு மாசம் கழிச்சு டீம் லீட் கூப்பிட்டாரு. "தமிழ் தெரிஞ்ச யாராவது இந்தப் பெரியவர்ட்ட பேசுங்க, ஹெல்ப்லைன்ல ரெண்டு நாளா விடாம அடிக்கறாரு." நான் பேசினேன். அவரு உண்மையான பேரைச் சொல்ல மாட்டேன். அதே மாதிரி நீளமான ஒரு பேரு, மீனாட்சிசுந்தரம்னு வெச்சுக்கங்க. ரிட்டயர்டு தமிழாசிரியர்.

"அம்மா, என் பேர்ல கடைசிப் புள்ளியைக் காணோம்மா."

"ஐயா, சின்ன பிரிண்டிங் மிஸ்டேக்கா இருக்கும், சரி பண்ணிடலாங்க ஐயா."

"சின்னதா? 'ம்'முக்கு அரை மாத்திரை, 'ம'வுக்கு ஒரு மாத்திரை. அந்தக் காலத்துல ஓலைச்சுவடியில புள்ளி வைக்க மாட்டாங்க, ஓலை பொத்துக்கும்னு. உங்க கம்ப்யூட்டர்லயும் ஓலைதான் இருக்கா?"

நான் சிரிச்சுட்டேன். அவரு சிரிக்கல. கண் ஆபரேஷனுக்குப் போயிருக்காரு. கவுன்ட்டர்ல அட்டையை நீட்டினா, ஆதார்ல இருக்கற பேரும் அட்டையில இருக்கறதும் ஒத்துப் போகலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. புது அட்டை வர ஒரு மாசம் ஆச்சு. அந்த ஒரு மாசமும் அவரு ஒரு கண்ணோட இருந்தாரு.

என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். மீனாட்சிசுந்தரம்ங்கறதை விரல் விட்டு எண்ணுங்க. மீ, னா, ட், சி, சு, ந், த, ர, ம். 9 எழுத்து. 15-க்குள்ள தாராளமா அடங்கும். அவரும் அப்படித்தான் நினைச்சிருப்பாரு. கம்ப்யூட்டர் அப்படி எண்ணாது. யூனிகோட்ல 'மீ'ங்கறது ரெண்டு குறி: ம, அப்புறம் ஈகாரக் குறி. 'ட்'டும் ரெண்டு: ட, அப்புறம் புள்ளி. இப்படிக் கூட்டினா மொத்தம் 16. மேக்ஸ்லெங்த் 15-ல கதவைச் சாத்திடும். பதினாறாவதா வர்றது எது? கடைசி 'ம்'மோட புள்ளி.

பள்ளிக்கூடத்துல நாம படிச்சது க்-கும் அ-வும் சேர்ந்தா க. மெய்தான் அடிப்படை, உயிர் வந்து ஏறும். யூனிகோட் தலைகீழ். அதுக்கு அகரம் ஏறின 'க'தான் அடிப்படை, புள்ளி வெச்சா அகரம் கழண்டு 'க்' ஆகும். இந்திய மொழிகளுக்கு ஏற்கெனவே இருந்த இஸ்கி முறையைப் பின்பத்தி 1991-ல யூனிகோட் முதல் பதிப்புலயே தமிழ் இப்படித்தான் உள்ள வந்துச்சு. 247 எழுத்துக்கும் தனித்தனி எண் இல்ல. தமிழுக்குன்னு ஒதுக்கின மொத்த இடமே 128 கட்டம். எழுத்துக்கு ஒரு எண்ணுன்னு வெச்ச டேஸ்-16 முறையையும் தமிழ்நாடு அரசு 2010-ல ஏத்துக்கிச்சு. ஆனா பிரவுசர், ஃபோன், இணையம் எல்லாம் ஓடறது யூனிகோட்லதான். அதனால ஜாவாஸ்கிரிப்ட்கிட்ட 'தமிழ்'ங்கற சொல்லோட நீளத்தைக் கேட்டீங்கன்னா 5ன்னு சொல்லும். மூணு எழுத்துச் சொல்லு அது! பாட்டு பூரா மூணு எழுத்துன்னு பாடியிருக்கோம்.

இப்போ இதுக்கு ஒரு கருவி இருக்கு. இன்ட்ல் செக்மென்ட்டர்னு பேரு. மனுஷங்க எண்ற மாதிரி எழுத்தெழுத்தாப் பிரிச்சுக் குடுக்கும். குரோம்ல 2020-லயே வந்துச்சு, ஃபயர்ஃபாக்ஸ்ல 2024-லதான். அதுவும் முழுசாச் சரியில்ல, 'லக்ஷ்மி'யைக் குடுத்தா 'க்ஷ்' எழுத்தை ரெண்டா உடைச்சிடும். பரவாயில்ல, புள்ளியையாவது விட்டு வைக்கும். எஸ்.எம்.எஸ்.லயும் இதே கூத்துதான். ஆங்கிலத்துல ஒரு மெசேஜுக்கு 160 குறி போகும், தமிழ்ல அடிச்சா 70 குறிதான், அதுவும் புள்ளி கொம்பு எல்லாத்தையும் சேர்த்து.

ஆனா என்னை உறுத்தினது இந்த எண்ணிக்கை இல்ல. அந்தக் கிளையன்ட் ஏன் 15 எழுத்துன்னு கேட்டாங்க? அட்டையில பேருக்கு ஒதுக்கின இடம் அவ்வளவுதான், அதுக்காக. அப்படின்னா அவங்களுக்குத் தேவை அகலம். பிரஸ்ல இருக்கற எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்லுவான், தமிழ்ல எழுத்தை எண்ணி இடம் போட முடியாதுன்னு. 'ர' ஒல்லி. 'ஞ' குண்டு. 'ணௌ' பாதி வரியைச் சாப்பிட்டுடும். நாங்க கல்யாணப் பத்திரிகைக்குப் பேரை அடிச்சு, அகலத்தை அளந்து, இடம் பத்தலன்னா பாயின்ட் குறைப்போம். பேரை ஒருநாளும் வெட்ட மாட்டோம். பத்திரிகையில மாப்பிள்ளை பேரை வெட்டினா அண்ணாச்சி என்னையே வெட்டியிருப்பாரு.

இது எனக்கு மூணு வருஷம் தினமும் செஞ்ச வேலை. ரெஸ்யூமேல மறைச்சேன், பேச்சுல மறைச்சேன், மறைச்சு மறைச்சு வேலை பண்ற நேரத்துலயும் மறந்தே போயிட்டேன். எழுத்தைத் தொட்ட எல்லா வருஷமும் கையில இருந்தும், ஒண்ணும் தெரியாத ஃப்ரெஷர் மாதிரி 15ன்னு அடிச்சு வெச்சேன்.

அதைச் சரி பண்ணினது சின்ன விஷயம். எண்ணிக்கை வரம்பை எடுத்தேன். பிரவுசருக்குள்ளயே பேரோட அகலத்தை அளந்து, அட்டையில எப்படி வரும்னு படிவத்துக்குப் பக்கத்துலயே காட்டினேன். அடங்கலன்னா எழுத்தளவு தானா குறையும். டேட்டாபேஸ் பக்கமும் பத்தி அகலத்தைக் கூட்டச் சொன்னேன், இல்லாட்டி இங்க தப்பிச்ச புள்ளி அங்க போய் விழும். பெரியவருக்கு ஃபோன் போட்டேன். "புள்ளி வந்துருச்சு"ன்னாரு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல.

பாமினியைக் கழட்டினது

அந்த வருஷத்துலதான் ராத்திரி ராத்திரி உக்காந்து ஒரு மாற்றி எழுத ஆரம்பிச்சேன். பாமினியில அடிச்ச பழைய கோப்பைப் போட்டா யூனிகோட் தமிழா வெளிய வரணும். கேக்க சுலபம், ஒரு குறிக்கு இன்னொரு குறி மாத்தறதுதானேன்னு தோணும். சிக்கல் கொம்புல இருக்கு. பாமினியில கண்ணுக்குத் தெரியற வரிசையிலதான் அடிப்போம். 'கெ'ன்னா முதல்ல கொம்பு, அப்புறம் க. யூனிகோட்ல க முதல்ல, கொம்பு அப்புறம், திரையில காட்டும்போதுதான் அது முன்னாடி போகும். 'கொ' இன்னும் மோசம். முன்னாடி ஒரு கொம்பு, பின்னாடி ஒரு கால், ரெண்டையும் பொறுக்கி ஒரே குறியாக்கணும். ஒரு மாசம் 'கௌ'வோட சண்டை போட்டேன். பின்னாடி நிக்கறது ஔகாரக் குறியா, இல்ல தனி 'ள' எழுத்தான்னு சுத்தியிருக்கறதைப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும்.

முடிச்சு, பழைய பிரஸ்ஸுக்கு அனுப்பினேன். அண்ணாச்சி ரிட்டயர் ஆயிட்டாரு, அவரு மகன் இப்போ பாத்துக்கறாரு. பழைய பத்திரிகை வாசகம், கோயில் மலர், காலண்டர் தகவல்னு சிடி சிடியா இருந்ததை மாத்தி எடுத்தாங்க. இதுக்குப் பைசா வாங்கல. என் வாழ்க்கையில நான் எழுதினதுல ரொம்ப உபயோகமான கோடு இதுதான்னு நினைக்கறேன்.

பொழுதுபோக்குன்னு கேட்டீங்கன்னா, கையால எழுதின போர்டுகளைப் ஃபோட்டோ எடுப்பேன். லாரி முகப்பு, சலூன், பழைய மளிகைக் கடை. 1978-ல எழுத்துச் சீர்திருத்தம் வந்து 13 எழுத்தோட வடிவம் மாறுச்சு. அதுக்கு முன்னாடி எழுதின போர்டுல 'லை' யானைத் தும்பிக்கை தூக்கின மாதிரி இருக்கும். அப்படி ஒண்ணைப் பாத்தா பஸ்ஸை விட்டு இறங்கிடுவேன். வீட்டுல திட்டுவாங்க.

15 நிமிஷ கால்

2023-ல வேலை போச்சு. அப்போ ஒரு பெரிய கம்பெனியில இருந்தேன். காலையில காலண்டர்ல ஒரு மீட்டிங் வந்துச்சு, 15 நிமிஷம். பத்தாவது நிமிஷத்துலயே மெயில் திறக்கல. இதைப் பத்தி எல்லாரும் நிறைய பேசியாச்சு. எனக்கு அப்போ 38 வயசு. இன்டர்வியூவுல எதிர்ல உக்காந்த பசங்க என்னை "மேம்"னு கூப்பிட்டுட்டு, "எதுக்கு இத்தனை தடவை லைன் மாத்தியிருக்கீங்க?"ன்னு கேட்டாங்க. நாலு இடத்துல இதே கேள்வி. நாலு இடத்துலயும் மழுப்பினேன், நாலும் கிடைக்கல.

அஞ்சாவதுக்கு ரெஸ்யூமேயைத் திருத்தினேன். "2006–2009, டி.டி.பி. ஆபரேட்டர், தினசரி காலண்டர், சிவகாசி"ன்னு முதல் தடவையா எழுதினேன். இன்டர்வியூவுல பேரு வாங்கற ஒரு பெட்டி கட்டச் சொன்னாங்க. ஏஐ பயன்படுத்தலாம்னாங்க, கேட்டேன், அது அழகா கட்டிக் குடுத்துச்சு, மேக்ஸ்லெங்த் போட்டு. நான் அதை அழிச்சுட்டு, "இந்தப் பேரு எந்த மொழியில வரும்? எங்கயாவது அச்சாகுமா?"ன்னு கேட்டேன். அப்புறம் புள்ளி கதையைச் சொன்னேன், என் தப்புன்னே சொன்னேன். வேலை கிடைச்சுது. சம்பளம் முன்னாடி வாங்கினதை விடக் கம்மி, அதையும் சொல்லிடணும். பல மொழியில படிவம் கட்டற டீம் அது. ஆங்கிலத்துல 'சப்மிட்'னு இருக்கற பட்டன் தமிழ்ல 'சமர்ப்பிக்கவும்'னு வந்து பட்டனை விட்டு வெளிய எட்டிப் பாக்கும்ல, அந்த மாதிரி சண்டைதான் தினமும்.

அம்மாவும் 40 சந்திப்பும்

வேலை இல்லாத நேரத்துல ரெண்டு மாசம் ஊர்ல இருந்தேன். மார்கழி. அம்மா அஞ்சு மணிக்கு வாசல் தெளிச்சு சிக்குக் கோலம் போடுவாங்க. எனக்கு ராத்திரி தூக்கம் வராது, அதனால நானும் திண்ணையில உக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன். ஒரு நாள் லேப்டாப்பை எடுத்துட்டு வந்து அதை எஸ்.வி.ஜி.-ல வரைஞ்சு பாத்தேன்.

இதுல ரகசியம் புள்ளியில இல்ல, ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்கு. பக்கத்துல பக்கத்துல இருக்கற ரெண்டு புள்ளிக்கு இடையில ரெண்டே வாய்ப்புதான். கோடுகள் ஒண்ணையொண்ணு வெட்டிக்கிட்டுப் போகும். இல்ல, தொடாம வளைஞ்சு திரும்பிடும். ஓரத்துக்கு வந்தா திரும்பியே ஆகணும். எல்லா இடத்துலயும் வெட்ட விட்டா என்ன ஆகும்னு பாத்தேன். 3-க்கு 4 புள்ளி வெச்சா ஒரே கோடு எல்லாப் புள்ளியையும் சுத்தி வந்து சேருது. 4-க்கு 6 வெச்சா ரெண்டு கோடு. 4-க்கு 4 வெச்சா நாலு. பத்தாங்கிளாஸ்ல படிச்ச மீப்பெரு பொது வகுத்தி ஞாபகம் இருக்கா? அதேதான். பி.எஸ்ஸி. முடிச்சு 17 வருஷம் கழிச்சு அந்தக் கணக்கு வாசல்ல வந்து உக்காந்திருக்கு.

இதை நான்தான் முதல்ல யோசிச்சேன்னு நினைக்காதீங்க. தாம்பரத்துல சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூணு பேரும் 1974-லயே கோலத்தை இலக்கண விதியா எழுதி, கணினி வரைகலைக்கான ஒரு ஆய்விதழ்ல கட்டுரை போட்டிருக்காங்க. ஒரு மொழியோட வாக்கியத்தை விதியால உருவாக்கற மாதிரி கோலத்தையும் உருவாக்கலாம்னு.

அம்மாகிட்ட 5-க்கு 5 காட்டினேன். அஞ்சு தனிக் கோடு. "இது கம்பி அறுந்த கோலம். ஒரே கம்பியா வரணும்"னாங்க. மாவை எடுத்து, அதே 5-க்கு 5 புள்ளி வெச்சு, போற போக்குல நாலு இடத்துல மட்டும் வெட்டாம வளைச்சு விட்டாங்க. ஒரே கோடு. எண்ணவே இல்ல. ரெண்டு வேற வேற கோடு வெட்டிக்கற இடத்துல வளைச்சு விட்டா ரெண்டும் ஒட்டி ஒண்ணாகிடும். அஞ்சை ஒண்ணாக்க நாலு இடம் வேணும், அதுக்குக் குறைஞ்சு முடியாது. மொத்தம் 40 சந்திப்பு, அதுல நாலைத் தேர்ந்தெடுக்க 91,390 வழி. எல்லாத்தையும் போட்டுப் பாத்து, ஒரே கோடா வர்றதை மட்டும் பொறுக்கற மாதிரி நிரல் எழுதினேன். சென்னை திரும்பினப்புறமும் அதை விடல. ஞாயித்துக்கிழமை அம்மாவுக்கு வாட்ஸ்அப்ல பத்து பத்தா அனுப்புவேன்.

எல்லாம் ஒரே கோடுதான், கணக்குப்படி எல்லாமே சரி. அம்மா ஃபோன்ல, "ஏன்டி, ஒரு பக்கம் பூரா நெரிசல், ஒரு பக்கம் காத்தாடுது. இதை யார் வாசல்ல போடுவா?"ன்னு கேட்டாங்க. எப்படி இருந்தா நல்லா இருக்கும்மான்னு கேட்டா, "பாத்தாத் தெரியும்ல"ங்கறாங்க. அதை எப்படி நிரலா எழுதறதுன்னு எனக்கு இன்னும் பிடிபடல. அதனால அம்மா எதுக்குச் சரின்னாங்க, எதுக்கு உதட்டைப் பிதுக்கினாங்கன்னு ஒரு பட்டியல் போட்டு வெச்சிருக்கேன். இதுவரைக்கும் 210 அனுப்பியிருக்கேன். 9 தேறியிருக்கு. போன வாரம் அதுல ஒண்ணை நிஜமாவே வாசல்ல போட்டு ஃபோட்டோ அனுப்பினாங்க, ஆனா ஒரு இடத்துல நான் குடுத்த மாதிரி போடல, மாத்தியிருக்காங்க.